இரண்டு பத்தித் தலைப்பில் ஒரு சாடல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது ஒரு தூணில் ஒட்டியிருந்தது.

தொலைந்துபோன சான்றிதழுக்காக ஒரு மாலைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் போயிருந்தேன். விளம்பரம் வாங்குகிறவர் சாப்பிடப் போயிருந்தார். எனக்கு எங்கே போனாலும் இதே கதிதான். நான் போகிற நேரமாகப் பார்த்து ஊரே சாப்பிடப் போய்விடும். உட்காரச் சொன்ன நாற்காலிக்கு எதிரே தூண், தூணில் ஒரு தாள். இடது பக்கம் ஆங்கில வினைச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். நடுவில் அதற்கான தமிழ். கடைசியில் ஒரு எண். கிரிட்டிசைஸ் என்றால் குறை கூறு. கண்டெம் என்றால் கண்டி. டினவுன்ஸ் என்றால் சாடு. சென்ஷர் என்றால் கண்டனத் தீர்மானம் போடு. லாம்பாஸ்ட் என்பதற்கு எதிரே 'வெளுத்து வாங்கு' என்று எழுதி, யாரோ பென்சிலால் அடித்து, 'இது சலவைக் கடை இல்லை' என்று பக்கத்தில் குறித்திருந்தார்கள்.

அந்த எண் எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. தலைப்பில் அந்தச் சொல் எத்தனை எழுத்து இடம் பிடிக்கும் என்ற கணக்கு அது.

என் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. கதை கிடைத்தது. பாதி அங்கே பார்த்தது, பாதி அங்கே கேட்டது, மீதி என் கைச்சரக்கு. (இரண்டு பாதிக்கு மேல் மீதி எப்படி வரும் என்று கேட்கிறவர்கள் கதை எழுதிப் பார்த்ததில்லை.)

2

எப்படித் தொடங்குவது?

'மழை விட்டிருந்த அந்த மாலையில், தண்ணீரைப் பற்றியே நினைத்தபடி அவள்—'

வேண்டாம். மழை பெய்யவில்லை. மாலையும் இல்லை, பகல் பதினொன்றரை.

'சொல் என்பது ஒரு—'

சொல் என்பது என்ன என்று ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன், உங்களை ஏன் படிக்கச் சொல்ல வேண்டும்?

'அவளுக்கு அலுவலகத்தில் அகராதி என்று பெயர்.'

இது இருக்கட்டும். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குகிற மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் கேட்க அகராதி என்பார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் 'அகராதி பிடிச்சவ' என்பார்கள். தூணில் இருந்த தாள் அவள் எழுதி ஒட்டியது. இந்த வினைச்சொற்கள் எல்லாம் ஒன்றுதானே, எதைப் போட்டால் என்ன என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்படிச் சொல்கிறவர் வேறு யாரும் இல்லை, பக்கம் கட்டுகிறவர். கையில் எப்போதும் அளவுகோல் இருப்பதால் அவருக்கு அங்குலம் என்று பெயர். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். பத்தொன்பது வருடமாக எலியும் பூனையும்.

"திட்டினான்னு போட்டா என்ன? எல்லாம் திட்டுதானே?" என்பார் அங்குலம்.

"உங்க மாடி வீட்டுக்காரன் குழாய் உங்க வீட்டுக்குள்ள ஒழுகுதுன்னு வைங்க. மேல போய், 'சார், குழாயைச் சரியா மாட்டலை'ன்னு சொன்னா அது கிரிட்டிசைஸ். 'அடுத்தவன் வீட்டைப் பத்திக் கவலைப்படாம இருக்கிறது பெரிய தப்பு'ன்னு தீர்ப்பு சொன்னா கண்டெம். மாடிப்படியில நின்னு நாலு பேர் கேட்க, 'இவன் தெரிஞ்சே பண்றான்'னு ஆளைக் காட்டினா டினவுன்ஸ். குடியிருக்கிறவங்க கூடிக் கையைத் தூக்கித் தீர்மானம் போட்டா சென்ஷர். யாரையும் சொல்லாம, 'இந்தக் காலத்துல குழாயே சரியில்லைப்பா'ன்னு பெருமூச்சு விட்டா டிக்ரை."

"நான் மேலேயே போகாம என் பொண்டாட்டிகிட்ட மட்டும் கத்தினா?"

"அதுக்குப் பேரு குடும்பம். அதுக்குச் செய்தியில இடம் கிடையாது."

அங்குலம் சிரித்துவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு எல்லாமே ஐந்து எழுத்துக்குள் வந்தால் சரி.

3

அவளுக்கு ஒரு தம்பி. நீர்வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. குடிநீரைப் புட்டியில் பிடித்து, கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன். ரொம்பச் சாது. குழம்பில் உப்பு கூடிப்போனால் தண்ணீர் அதிகம் குடிப்பானே தவிர வாயைத் திறக்க மாட்டான். 'வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது' என்று அக்காவே அலுத்துக்கொள்வாள்.

அவன் ஒரு திங்கட்கிழமை வாரியம் மக்களிடம் கருத்துக் கேட்கும் பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் பேசினான். வாரத்துக்கு இரண்டு முறை நடக்க வேண்டிய பரிசோதனை ஆறு மாதமாக ஒரு முறைதான் நடக்கிறது. அறிக்கையில் மட்டும் இரண்டு என்று எழுதப்படுகிறது. இது சரியில்லை. உட்கார்ந்துவிட்டான். கால் நடுங்கியது என்று பிறகு சொன்னான்.

செவ்வாய் பதினொன்றரைக்குச் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தி அவள் மேசைக்கு வந்தது. வாரியத்தை ஊழியர் ஒருவர் 'கிரிட்டிசைஸ்' செய்தார் என்று இருந்தது. இரண்டு பத்தி அகலத் தலைப்பு. பக்கம் மூட இருபது நிமிடம்.

'நீர்வாரியம் மீது ஊழியர் விமர்சனம்' என்று எழுதினாள்.

"வெடிக்குது" என்றார் அங்குலம். தலைப்பு பத்தியைத் தாண்டினால் அவர் அப்படித்தான் சொல்வார். "மூணு எழுத்துல குடுங்க."

"ஊழியர் குறை?"

"ஆள் பத்தலைன்னு படிப்பாங்க."

"அதுவும் சரிதான்."

"புகார்னு போடுங்களேன். மூணு எழுத்து. கச்சிதமா உட்காரும்."

"புகார்னா எழுதிக் குடுத்திருக்கணும். அவன் எழுதிக் குடுக்கலை."

"அப்ப என்னதான் பண்ணினான்?"

அவள் தூணைப் பார்த்தாள். 'சாடல்' என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று எழுத்து. நீர்வாரியம் மீது ஊழியர் சாடல். அச்சுக்குப் போய்விட்டது.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது.

அந்த மேசையில் நடக்கக்கூடிய தப்புதான் இது. அளவுக்குச் சொல்லைத் தேடினால் என்றாவது ஒருநாள் கால் வழுக்கத்தான் செய்யும். இதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகாரும் மூன்று எழுத்துதானே? சரியாகப் பொருந்தாது என்று புகாரைத் தள்ளினாள். அதைவிடப் பொருந்தாத சாடலை எடுத்துக்கொண்டாள். குறை கூறுவதற்கும் சாடுவதற்கும் வித்தியாசம் தெரியாதவளா? தாளை எழுதி ஒட்டியவளே அவள்தானே!

முதல் பிரதியில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'அவசரத்தில் அவளுக்கு வேறு சொல் தோன்றவில்லை.' பொய். அடித்துவிட்டேன். பிறகு, 'தம்பியைப் பழிவாங்கும் எண்ணம் அவள் மனதின் ஆழத்தில்—' இது அதைவிடப் பெரிய பொய். சின்ன வயதில் அவனை அடித்த பையன்களை விரட்டிக்கொண்டு ஓடியவள் அவள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். செய்தியில் பெயரைப் படித்ததுமே அது தம்பி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம்ம தம்பியா! எழுந்து நின்னானா! அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இவ்வளவு நாள் கழித்து எழுந்தவன், 'இது சரியில்லை' என்றா சொன்னான்? இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கக் கூடாதா? அவன் சொல்லாமல் விட்ட மிச்சத்தை அவள் தலைப்பில் சொல்லிவிட்டாள். அவன் வாயில் அவள் பேசிவிட்டாள்.

இதற்கு அவளை நான் குறை கூறுவதா, கண்டிப்பதா? நாலு பக்கமாக ஊரறிய அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேனே, இதற்கு அந்தத் தாளில் என்ன பெயர்? இதை நான் கேட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

5

வாரியத்தில் ஒரு குமாஸ்தா இருக்கிறார். தமிழ்ப் பத்திரிகையில் வாரியத்தைப் பற்றி வருவதை வெட்டி ஒட்டி, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. சுத்தமாகச் செய்தார். சாடல் என்றால் டினவுன்ஸ். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வாரியத்தின் நடத்தை விதிகளில் பதினான்காவது என்ன சொல்கிறது என்றால், ஊழியர் பொதுக் கூட்டத்தில் வாரியத்தின் வேலையை கிரிட்டிசைஸ் செய்யலாம். வாரியத்தை டினவுன்ஸ் செய்தால் வேலை போகும். இந்த விதியை எழுதினவர் அகராதிக்கு உறவாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தம்பிக்குத் தற்காலிக வேலைநீக்க உத்தரவு வந்தது. அடுத்த திங்கள் பதினொரு மணிக்கு விசாரணை.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பி மனைவி அகராதியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வரவேற்பறையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணி, திருத்தம்னு ஒண்ணு போடுவீங்களே, ரெண்டு வரி. அதைப் போட்டுடுங்க."

"போடறேன்மா."

"'சாடலை, குறைதான் சொன்னார்'னு போட்டாப் போதும். நான் யாரையும் குத்தம் சொல்லலை. அவருக்குக் கோபமே வராது அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? அவரைப் போய்..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ராத்திரியும் பகலும் என் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

அகராதிக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "இன்னைக்கே போடறேன். நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

திருத்தத்தை எழுதினாள். அங்குலம் மூன்றாம் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். அன்று மட்டும் அவர் எழுத்து எண்ணவில்லை. "எவ்வளவு வேணுமோ எழுதுங்க. விளம்பரத்தை வேணா தூக்கிக்கலாம்" என்றார். (அது என் விளம்பரமாக இருந்திருக்கலாம். நான் வருத்தப்படவில்லை.)

பதினொன்றரைக்குத் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, திருத்தம் போடாதே."

"டேய், உனக்குப் பைத்தியமா?"

"காலையில தண்ணி பிடிக்கிற புட்டி வண்டி எங்க தெருவுக்கு வந்துச்சு. இந்த வாரத்துல ரெண்டாவது தடவை. ஆறு மாசமா வாரத்துல ரெண்டாவது தடவை வராத வண்டி. உன் தலைப்பைப் பார்த்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. நீ 'அவன் சாடலை'ன்னு போட்டா, அவ்வளவுதானான்னு வண்டியை நிறுத்திடுவாங்க."

"வண்டி கிடக்குது. உன் வேலை?"

"அன்னைக்கு நான் பேசினது எனக்கே காதுல விழலைக்கா. நீ போட்டதுதான் எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவள் போனை வைத்தாள். திருத்தத்தைக் கிழிக்கவில்லை, மேசை இழுப்பறையில் போட்டாள். மூன்றாம் பக்கத்தில் வெள்ளையாக நின்ற இடத்தில் அங்குலம் தலைவலி மாத்திரை விளம்பரத்தை வைத்து மூடினார்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்பார்களே, அப்படி ஆகிவிட்டது அவள் நிலைமை. சொல் தப்பு. தண்ணீரைப் பொறுத்தவரை அதுதான் சரி. தம்பியைப் பொறுத்தவரை அதுவே குழி.

6

இந்த இடத்தில் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவள் தம்பி பேச்சைக் கேட்காமல் திருத்தத்தைப் போட்டுவிடுகிறாள். தம்பிக்கு வேலை திரும்பி வருகிறது. வண்டி நிற்கிறது. தம்பி அக்காவிடம் பேசுவதில்லை. குழம்பில் உப்பு— இது வேண்டாம்.

இன்னொன்றில், தண்ணீரில் கிருமி இருப்பது தெரிந்து ஊரே திரண்டு வந்து தம்பியைத் தோளில் தூக்கிக்கொள்கிறது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை போனவனை எந்த ஊர் தோளில் தூக்கியிருக்கிறது? கண்டால் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போவார்கள்.

மூன்றாவதில் விசாரணை அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. கதை எழுதுகிறவனுக்கு வழி தெரியாதபோது யாருக்காவது மாற்றல் வரும். அடச்சீ என்று என்னை நானே திட்டிக்கொண்டு அதையும் அடித்தேன்.

ஆகவே விசாரணை நடக்கிறது.

7

நீளமான மேசை. மேசையின் தலைப்பக்கத்தில் விசாரணை அதிகாரி, வெளியூர்க்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறவர், கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பக்கம் தட்டச்சு செய்கிற பெண். இன்னொரு பக்கம் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர், வாரியத்தின் சார்பில். இந்த மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. எதிரே தம்பி, சலவைச் சட்டையில். ஓரத்து நாற்காலியில் அகராதி. தலைப்புப் போட்டவர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் தம்பி மனைவி.

'நான் அவன் அக்கா' என்று அவள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அது அவள் தப்பு. சொல்லியிருந்தால் அவளை வெளியே அனுப்பியிருப்பார்கள், இந்தக் கதை இங்கேயே படுத்திருக்கும். ஆகையால் அதில் என் தப்பும் உண்டு.

விசாரணை எல்லாம் ஆங்கிலத்தில். செய்தி நிறுவனத்தின் மூலப் பிரதியை அவள் கொண்டுபோயிருந்தாள், நீட்டினாள். "மூலத்தில் கிரிட்டிசைஸ் என்றுதான் இருக்கிறது. சாடல் என்பது என் சொல். இடம் போதவில்லை என்று நான் போட்டது. தவறு என்னுடையது" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

அதிகாரி பிரதியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்ப அவருக்கும் ஆசை இல்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன விஷயமாக முடிந்தால் அவருக்கும் நல்லதுதான். முடிந்தது போலத்தான் இருந்தது.

"ஆக, நீங்கள் கிரிட்டிசைஸ் மட்டும்தான் செய்தீர்கள். அப்படித்தானே?" என்று தம்பியிடம் கேட்டார் அதிகாரி. தட்டச்சுக்காரப் பெண் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சொன்னால் அது இன்னும் சின்னது.

தம்பி எழுந்து நின்றான். எழுந்து நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. முழுசாகச் சொல்ல அவனுக்குத் தமிழ்தான் வந்தது போல, மேலாளரைப் பார்த்துக்கொண்டு தமிழில் பேசினான். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு தடவைதான் பண்றோம், ரெண்டுன்னு எப்படி எழுதறதுன்னு நாங்க கேட்டோம். எழுதுன்னு சொன்னவர் இதோ உட்கார்ந்திருக்கார். தெரிஞ்சேதான் சொன்னார். நானும் தெரிஞ்சேதான் எழுதினேன். ஆறு மாசம் எழுதினேன். அந்தத் தண்ணியைத்தான் என் பொண்ணுக்கும் குடிக்கக் குடுத்தேன். இனிமே எழுத மாட்டேன்."

உட்கார்ந்தான். இந்தத் தடவை கால் நடுங்கவில்லை.

மேலாளர் ஒன்றும் புரியாமல் மரியாதைக்குத் தலையசைத்தார். அதிகாரி அகராதியின் பக்கம் திரும்பினார்.

"ஆமாம் என்கிறாரா?"

8

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. சோம்பலால் இல்லை, பதினோரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

அவள் தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். வேலை நிலைக்கும், வெளியே பெஞ்சில் இருக்கிறவள் பெருமூச்சு விடுவாள். ஆனால் தம்பிக்கு ஆங்கிலம் தெரியும், கண்ணும் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் தன் வாயால் முழுசாகப் பேசியிருக்கிறான். அவன் பேசாததைப் பேசினதாகப் போட்ட அக்கா, பேசினதைப் பேசவில்லை என்று சொல்வதை அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் சொன்னதை உள்ளபடி சொன்னால், வேலை போவதோடு நிற்காது. பொய் அறிக்கை எழுதினேன் என்று அவனே ஒப்புக்கொண்டதும் தாளில் ஏறிவிடும். மேலாளர் பெயரும் ஏறும். வாரியம் பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால் பெஞ்சில் இருக்கிறவளுக்கு யார் பதில் சொல்வது? 'இன்னைக்கே போடறேன்' என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இழுப்பறையில் போட்டு மூடியவளா?

'அவள் மெல்ல நிமிர்ந்து, அதிகாரியின் கண்களைப் பார்த்து—'

'அவள் தலையைக் குனிந்துகொண்டு—'

இல்லை. அவளுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்துவிட்டேன். கோழை என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், எந்தச் சொல் வேண்டுமானாலும் போடுங்கள்.

தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள் அப்படியே இருக்கின்றன. தம்பி அக்காவைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்க்கிறான். அதிகாரி இன்னொரு முறை, சற்றுப் பொறுமையாகவே கேட்கிறார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர். அவன், அவள், நீங்கள். அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்கு நன்றாகப் புரிந்தது. அதிகாரி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.